நீர்நாடிச் சித்தரின் இரண்டு செம்புகள்

சேத்தியாத்தோப்புக் கூட்டுரோட்டில் அன்று காலை ஆளுக்கொரு பாட்டிலோடு நின்றிருந்தார்கள். சாராயக்கடை திறக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. ஆகவே இது வேறு கூட்டம்.

பாட்டிலில் இருந்தது தண்ணீர். கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர், கைப்பம்புத் தண்ணீர், வாய்க்கால் தண்ணீர். குவார்ட்டர் பாட்டிலில் கொண்டு வந்தவர்கள் இருந்தார்கள், இருமல் மருந்து பாட்டிலில் கொண்டு வந்தவர்கள் இருந்தார்கள், அவசரத்தில் பிள்ளையின் பால் புட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தவர்களும் இருந்தார்கள். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த ஒருவர் ஒரு கேன் நிறையக் கடல் தண்ணீரே கொண்டு வந்திருந்தார்.

"கடல் தண்ணிய எதுக்குங்க பாக்கணும்?"

"வந்ததோட வந்தோம், அதையும் பாத்துட்டுப் போயிடலாம்னுதான்."

பந்தலுக்கு மேலே ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. 'நீரின் நாடி பிடிக்கும் நிகரற்ற மகான், ஸ்ரீலஸ்ரீ நீர்நாடிச் சித்தர். களைக்கொல்லி தோஷம் கண்ட நொடியில் கண்டறியப்படும். அமெரிக்க விஞ்ஞானிகளே அதிர்ந்தனர்.' எந்த விஞ்ஞானி, எப்போது, எவ்வளவு நேரம் அதிர்ந்தார் என்று எழுத ஃப்ளெக்ஸில் இடம் இல்லை. மீதி இடத்தைச் சித்தரின் முகம் அடைத்துக்கொண்டிருந்தது.

அது 2010ஆம் வருடத்து ஆடி மாதம். கரும்புக்கு அடிக்கிற களைக்கொல்லி நிலத்தடி நீரில் இறங்கிவிட்டது என்று பேப்பரில் ஒரு செய்தி வந்திருந்தது. செய்தி உண்மையாகவே இருக்கலாம். பயமும் நியாயமானதுதான். ஆனால் பயந்தவனிடம் அரசாங்கம் மனு எழுதிக் கொண்டுவரச் சொன்னது, சித்தர் பாட்டில் கொண்டுவரச் சொன்னார். எது சுலபமோ அங்கே கூட்டம் போயிற்று.

கூட்டத்தின் முன்வரிசையில், கழுத்தில் துண்டும் கையில் எவர்சில்வர் தூக்குமாக நின்றவர் மணவாளன். மேலக்கொல்லை கிராமத்து வார்டு மெம்பர். எட்டு ஏக்கர் கரும்பு, ஒரு போர்வெல், கொஞ்சம் சர்க்கரை வியாதி, எதையும் நம்புகிற நல்ல மனசு. இந்தக் கடைசிச் சொத்தை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஈமு கோழி வளர்த்திருக்கிறார். மண்ணுளிப் பாம்பு தேடியிருக்கிறார். இரிடியம் கலசத்துக்காகத் தன் வீட்டுக் கூரையையே பிரித்துப் பார்த்திருக்கிறார். ஒவ்வொன்றும் முடிந்த பிறகு, 'இது போனா போவுது, அடுத்தது நல்லதா வரும்' என்று அடுத்ததை நம்பத் தயாராகிவிடுவார். இப்போது வந்திருக்கும் அடுத்தது இந்தச் சித்தர். தகவல் கொண்டு வந்தவன் அவர் மனைவியின் தம்பி பாலகுமார்.

"மாமா, கண்ணால பாத்தேன். ஒரு அட்டைய தண்ணியில வுடறாரு. கோடு தானா வருது மாமா. பேனா இல்ல, பென்சில் இல்ல."

பேனா இல்லாமல் கோடு வந்தால் போதும், மணவாளனுக்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

சித்தரின் முறை இதுதான். பீடத்துக்கு முன்னால் ஒரு பித்தளைக் கிண்ணம். பக்தர் கொண்டு வந்த தண்ணீர் அதில் கொஞ்சம். சித்தருக்கு இடப்பக்கம் ஒரு செம்பு, வலப்பக்கம் ஒரு செம்பு. இரண்டிலும் 'சாட்சித் தீர்த்தம்'. கண்ணை மூடி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்து, ஏதாவது ஒரு செம்பிலிருந்து நாலு சொட்டுக் கிண்ணத்தில் விடுவார். பிறகு மடியிலிருந்து ஒரு வெள்ளை அட்டை. விரல் நீளம், அரை விரல் அகலம். பிடிக்கிற பக்கம் முழுக்க மஞ்சளும் சந்தனமும் அப்பியிருக்கும். அதைக் கிண்ணத்தில் முக்குவார். ஒரு கோடு வந்தால் அது சிவக்கோடு, தண்ணீர் அமிர்தம். இரண்டாவது கோடும் வந்தால் அது எமக்கோடு, தண்ணீர் விஷம். எமக்கோடு வந்தவர் பரிகாரம் செய்ய வேண்டும். பரிகாரத்துக்குத் தனி டோக்கன்.

இன்னொரு விதி. பெண்கள் பீடத்துக்குப் பத்தடி தள்ளித்தான் நிற்க வேண்டும். வேப்பிலை கோத்த மஞ்சள் கயிறு கட்டி, எல்லை காட்டியிருந்தது. தீட்டு பட்டால் கோடு ஓடிவிடுமாம். இதை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பெண்களைத் தள்ளி நிற்கச் சொன்னால் நம் ஊரில் யார் ஏன் என்று கேட்கிறார்கள்?

மணவாளனின் முறை வந்தது. அவர் ஏற்கெனவே ஆசிரமத்துக்கு ஒரு இன்வெர்ட்டர் காணிக்கை கொடுத்திருந்தார். சித்தர் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு இடது செம்பைத் தொட்டார். ஒற்றைக் கோடு.

"குழந்தாய், உன் வீட்டு நீர் கங்கை. உன் போர்வெல்லில் பகீரதன் நீராடியிருக்கிறான்."

நூறடிப் போரில் பகீரதன் எப்படி இறங்கினான் என்பதை மணவாளன் கேட்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் ஒன்றை மட்டும் கவனித்திருந்தார். அவருக்கு முன்னால் நின்ற கந்தல் சட்டைக்காரருக்குச் சித்தர் வலது செம்பை எடுத்தார், எமக்கோடு வந்தது. அதற்கு முன்னால் நின்ற கிழவருக்கும் வலது செம்பு, எமக்கோடு. ஆக, கெட்டதைக் காட்டிக்கொடுக்கும் சக்தி வலது செம்புக்குத்தான் ஜாஸ்தி.

கவனித்தது எல்லாம் சரி. கடைசியில் போய்ச் சேர்ந்த இடம்தான் தப்பு.

"சாமி, அந்த வலது செம்புத் தீர்த்தம் கொஞ்சம் வேணும். எனக்கு சக்கர இருக்குது. வெறும் வயித்துல சாப்புட்டா கேக்குமான்னு பாக்கறேன்."

சித்தர் மணவாளனைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார், மறுபடி மணவாளனைப் பார்த்தார்.

"அது... உக்கிரமானது, குழந்தாய்."

"பரவால்ல சாமி. தாங்கிக்கறேன்."

சுற்றி நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை என்றால் தீர்த்தத்துக்கு மரியாதை போய்விடும். சித்தர் பெருமூச்சு விட்டு ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார்.

அடுத்த நாளிலிருந்து மணவாளன் காலையில் பல் துலக்கியதும் ஒரு ஸ்பூன் விட்டுக்கொண்டார். பாட்டில் தீர்ந்தால் பாலகுமார் போய் நிரப்பி வருவான். மனைவி ரத்தினம்மாளுக்கும் ஒரு ஸ்பூன் நீட்டினார். அவள் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நாத்தம் அடிக்குது. எனக்கு வேணாம்."

"லேசா உப்புக் கரிக்குது, அவ்ளோதான். சக்தின்னா அப்புடித்தான் இருக்கும்."

இது வரைக்கும் ஒருவர் வாயோடு போகிற விஷயம். ஆனால் மேலக்கொல்லையில் ஊருக்கே பொதுவாக ஒரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. புதிதாகக் குடிநீர்த் தொட்டி கட்டி முடித்திருந்தார்கள். தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து ஏற்றுவது என்று ஆகஸ்டு பதினைந்தாம் தேதி கிராம சபையில் முடிவெடுக்க வேண்டும். இரண்டே இடம்தான். ஒன்று, மணவாளனின் கரும்புக்கொல்லைப் போர். தருவதற்கு அவர் தயார், தொட்டியில் தன் பெயரைக் கல்லில் செதுக்கினால் போதும். இன்னொன்று, காலனித் தெருவின் கைப்பம்பு. அது முன்னூறு அடி ஆழம். ஊரில் நானூறு வீடு. எந்தத் தண்ணீர் தொட்டியில் ஏறுகிறதோ அதைத்தான் கைக்குழந்தை முதல் எல்லோரும் குடிக்க வேண்டும்.

மேலத் தெருக்காரர்களுக்குக் காலனிப் பம்புத் தண்ணீர் தங்கள் வீட்டுக் குழாயில் வருவது பிடிக்கவில்லை. அதை வாய்விட்டுச் சொன்னால் கேஸ் ஆகிவிடும். சித்தர் வந்து சொன்னால் கேஸ் ஆகாது. எனவே சித்தரை ஊருக்கே அழைத்து வந்து இரண்டு தண்ணீரையும் சோதிப்பது என்று முடிவாயிற்று. ஏற்பாடு மணவாளன்.

அதற்கு ஒரு வாரம் முன்னால், கரும்புக்கொல்லையில் ஒரு பெண் வந்து நின்றாள். தோளில் பை, பையில் பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டில்கள்.

"மெம்பர் சார், கடலூர் லேப்லேருந்து வரேன். உங்க போர் தண்ணி கொஞ்சம் வேணும்."

"நீ சவரி பொண்ணுதான?"

"சவரியம்மாள் பொண்ணு. வெண்மதி."

சவரியம்மாள் காலனித் தெருவில் இருப்பவள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருபது வருடமாக ஆயா வேலை. மகளை எம்.எஸ்சி. வரை படிக்க வைத்திருந்தாள். மணவாளனுக்கு அந்தப் பெண் 'சார்' என்று கூப்பிட்டது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. மரியாதை குறையவும் இல்லை, பழைய மாதிரி கூடவும் இல்லை. அதில் எதைக் குறை சொல்வது என்று தெரியவில்லை.

வெண்மதி தண்ணீர் பிடித்தாள். பிடித்துக்கொண்டே போரைச் சுற்றிப் பார்த்தாள். மருந்தடித்த ஆள் ஸ்ப்ரேயர் டேங்கைப் போர் அடியிலேயே வைத்துக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவின தண்ணீர் வெள்ளையாகக் குழாயைச் சுற்றித் தேங்கி மண்ணுக்குள் இறங்கியது. காலி மருந்து டப்பாக்கள் பக்கத்திலேயே குவிந்து கிடந்தன.

"எப்பவும் இங்கதான் கழுவுவீங்களா சார்?"

"தண்ணி இருக்குற எடத்துலதான கழுவ முடியும்? தண்ணி இல்லாத எடத்துல கழுவச் சொல்றியா?"

மணவாளன் தன் பதிலை ரசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

சித்தர் வருகிற வியாழக்கிழமை. மாரியம்மன் கோயில் திடலில் பந்தல். மைக் செட். ஆண்கள் முன்னால், பெண்கள் மஞ்சள் கயிற்றுக்குப் பின்னால். சித்தர் ஒரு வெள்ளை சுமோவில் வந்து இறங்கினார். ஏழு மாத வயிறோடு அவர் மனைவி வண்டியிலேயே உட்கார்ந்து மாங்காய் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் மணவாளன் ஒரு இளநீர் கொடுத்தனுப்பினார். சித்தருக்கு இரண்டு.

முதலில் காலனிப் பம்புத் தண்ணீர். சித்தர் கண்ணை மூடினார். வலது கை வலது செம்பிடம் போயிற்று. அட்டையை முக்கினார். ஒரு கோடு. கூட்டம் எட்டிப் பார்த்தது. இரண்டாவது கோடு.

"எமக்கோடு. இந்த நீர் நஞ்சு. இந்தப் பம்பை உடனே கழற்றிவிடுங்கள்."

மேலத் தெரு முழுக்கத் தலையாட்டியது. கயிற்றுக்குப் பின்னால் சவரியம்மாளும் நின்றிருந்தாள். அவள் தெருவில் அறுபது வீட்டுக்கு அந்த ஒரு பம்புதான்.

அடுத்து மணவாளனின் போர். இடது செம்பு. ஒற்றைக் கோடு. பாலகுமார் விசில் அடித்தான். மணவாளனுக்கு இப்போதே தொட்டியில் தன் பெயர் தெரிந்தது, எழுத்துக்குப் பச்சை வண்ணமா சிவப்பா என்பதுதான் பாக்கி.

"நானும் ஒரு தரம் பாக்கலாமா?" என்று கயிற்றுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. வெண்மதி. பையிலிருந்து அவளும் ஒரு வெள்ளை அட்டை எடுத்தாள். விரல் நீளம், அரை விரல் அகலம்.

கூட்டம் சிரித்தது. "சாமியப் பாத்து காப்பி அடிக்குது பாரு."

சித்தர் மட்டும் சிரிக்கவில்லை.

வெண்மதி இரண்டு தண்ணீரையும் கயிற்றோரத்துக்கே வரவழைத்து, காலனித் தண்ணீரில் ஒரு அட்டை விட்டாள், மணவாளன் தண்ணீரில் ஒன்று விட்டாள். பத்து நிமிஷம் காத்திருக்கச் சொன்னாள். சித்தர் நொடியில் சொல்கிறார், இவளுக்குப் பத்து நிமிஷமா என்று ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். காலனித் தண்ணீரில் இரண்டு கோடு வந்தது. மணவாளன் தண்ணீரில் ஒன்றே ஒன்று.

பந்தலே அதிரும்படி கைதட்டினார்கள். "சாமி சொன்னதேதான்."

"இல்ல," என்றாள் வெண்மதி. "என் அட்டையில ரெண்டு கோடு வந்தா நல்ல தண்ணி. ஒரு கோடு காணாம போச்சுன்னா தண்ணியில களைக்கொல்லி இருக்கு. மெம்பர் சார் தண்ணியிலதான் இருக்கு."

மணவாளனுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் வந்தது. படித்த பெண் இப்படித் தலைகீழாகப் பேசுகிறதே.

"ஏம்மா, இருந்தா கோடு வரும், இல்லன்னா வராது. ஒலகத்துல எங்கயாச்சும் இருந்தா இல்லன்னு காட்டுமா?"

"சொல்றேன் சார். நம்ம ஒடம்புல ஒரு கிருமி பூந்தா அதப் புடிக்கறதுக்குன்னே ஒடம்பு ஒரு பொருள் தயார் பண்ணும். ஆன்டிபாடின்னு பேரு. அது தனக்குன்னு உள்ளத மட்டும்தான் புடிக்கும், வேற எதையும் தொடாது. களைக்கொல்லியப் புடிக்கற மாதிரி ஒண்ணு செஞ்சு இந்த அட்டையில வெச்சிருக்காங்க. அதோட மேல, அந்த மருந்தையே ஒரு கோடா தடவியிருக்காங்க. தண்ணியில மருந்து இல்லன்னா, ஆன்டிபாடி வெறுங்கையா மேல ஏறிப் போயி அந்தக் கோட்டப் புடிச்சிக்கும். கோடு தெரியும். தண்ணியிலயே மருந்து இருந்தா, கை நெறைஞ்சு போயிடும். கோட்டப் புடிக்காது. கோடு தெரியாது."

கூட்டம் முழித்தது. பாலகுமாருக்கு மட்டும் ஏதோ பிடிபட்டது.

"பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிக்கற மாதிரி மாமா. மருந்து முன்னாடியே துண்டு போட்டுடுச்சின்னா கோட்டுக்கு எடம் கெடையாது."

"அதேதான்," என்றாள் வெண்மதி.

மணவாளன் மைத்துனனை முறைத்தார். பாலகுமார் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"அப்ப இன்னொரு கோடு எதுக்கு?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"அது அட்டை கெட்டுப் போவலன்னு காட்டறதுக்கு. எப்பவும் வரும். மெம்பர் சார், என்னையும் நம்பாதீங்க, அவுரையும் நம்பாதீங்க. நீங்களே சோதிங்க. கேன் தண்ணி ரெண்டு குடம் எடுங்க. உங்க மருந்த தீக்குச்சி முனையில தொட்டு ஒரு குடத்துல மட்டும் கலக்குங்க. எந்தக் குடம்னு எங்க ரெண்டு பேருக்கும் சொல்லாதீங்க. யாரு சரியா சொல்றாங்கன்னு பாக்கலாம்."

சித்தர் எழுந்தார். "தெய்வத்தைச் சோதிப்பது பாவம்."

"சோதிக்கல சாமி," என்றார் மணவாளன் கும்பிட்டபடி. "நிரூபிக்கறோம். இந்தப் பொண்ணு மூஞ்சி எப்புடிப் போவுதுன்னு ஊரு பாக்கட்டும்."

பக்தனிடமிருந்து தப்பிக்க எந்த மந்திரமும் கிடையாது. சித்தர் உட்கார்ந்தார்.

மணவாளன் கொல்லையிலிருந்து மருந்தை வரவழைத்து, கோயிலுக்குப் பின்னால் போய்க் கலக்கி, இரண்டு டம்ளரில் கொண்டு வந்து முதலில் கயிற்றோரம் வைத்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். வெண்மதியின் அட்டையில், முதல் டம்ளருக்கு இரண்டு கோடு, இரண்டாவதற்கு ஒன்று.

"ரெண்டாவதுல மருந்து இருக்கு."

மணவாளனின் மீசை லேசாகத் துடித்தது. இப்போது சித்தர். அவர் மணவாளனைப் பார்த்தார். இன்வெர்ட்டர் கொடுத்த ஆள். இடது செம்பைத் தொட்டார், இரண்டு டம்ளரிலும் விட்டார், அட்டைகளை முக்கினார். இரண்டிலும் ஒற்றைக் கோடு.

"இரண்டும் அமிர்தம், குழந்தாய்."

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் சந்தேகம் வந்திருக்கும். மணவாளனுக்கு வரவில்லை. கண் கலங்கிவிட்டது. இரண்டாவது டம்ளரை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினார்.

"பாத்துக்குங்கய்யா. இதுல நான் என் கையால களைக்கொல்லி கலந்தேன். அந்தப் பொண்ணு சொன்னது வாஸ்தவம். ஆனா சாமி நாலு சொட்டு வுட்டாரு பாரு, விஷம் அமிர்தமா மாறிப் போச்சு." டம்ளரைச் சித்தரிடம் நீட்டினார். "சாமி, நீங்க ஒரு வாய் குடிச்சிட்டுக் குடுங்க. மிச்சத்த நாங்க பிரசாதமா எடுத்துக்கறோம்."

சித்தர் டம்ளரைப் பார்த்துப் பின்னால் சாய்ந்தார்.

"இன்று எனக்கு நிர்ஜல விரதம். நீர் அருந்தக் கூடாது."

"இப்பதான் ரெண்டு எளநீ குடிச்சீங்க," என்றது கயிற்றுக்குப் பின்னாலிருந்து ரத்தினம்மாளின் குரல்.

"அது... அது காய்."

"சரி சாமி, உங்க விரதத்தக் கெடுக்க வேணாம்," என்றார் மணவாளன். "நானே குடிக்கறேன்." டம்ளரை வாயருகே கொண்டு போனார். வெண்மதி பதறிப்போய்க் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். ஆனால் அவளுக்கு முன்னால் பீடத்திலிருந்து பாய்ந்தது சித்தர்தான். ஒரே தட்டு. டம்ளர் பறந்தது.

"யோவ் மெம்பரு, குடிச்சித் தொலைக்காதய்யா. செத்து கித்துப் போனன்னா கேஸு எம்மேலதான்யா வரும்."

குழந்தாய் போய்விட்டது. அமிர்தம் போய்விட்டது. மைக் மட்டும் ஆனிலேயே இருந்தது. ஊர் முழுக்கக் கேட்டது.

மணவாளன் மெதுவாகக் கேட்டார். "அமிர்தம்னா ஏன் சாமி சாவணும்?"

ஒரு சாமியாரிடம் அவர் வாழ்க்கையில் கேட்ட முதல் கேள்வி அதுவாக இருக்கலாம். கேட்டதும் அவருக்கே ஒரு மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில் சவரியம்மாள் மஞ்சள் கயிற்றைத் தூக்கிவிட்டுக் குனிந்து உள்ளே வந்தாள். தீட்டு, தீட்டு என்று யாரோ சொன்னார்கள். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. கீழே கிடந்த சித்தரின் அட்டை ஒன்றை எடுத்து, மேலே அப்பியிருந்த சந்தனத்தை முந்தானையால் துடைத்தாள். பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"அடப் பாவி. இத நான் ஹெல்த் சென்டர்ல ஒரு நாளைக்குப் பத்து முக்கறேன். பொம்பளைங்க புள்ளத்தாச்சியா இல்லியான்னு பாக்கற அட்டையாச்சே இது."

கயிற்றுக்குப் பின்னால் ஒரு அலை மாதிரி முணுமுணுப்பு ஓடியது. கல்யாணமான பாதிப் பெண்களுக்கு அந்த அட்டை தெரியும். பத்தடி தள்ளி நிற்கச் சொன்னது எதற்கு என்று இப்போது அவர்களுக்கு விளங்கியது.

"கெணத்துத் தண்ணிய இதுல வுட்டா ஒத்தக் கோடுதான் வரும். கெணறு எங்க மாசமாவப் போவுது?" என்றாள் சவரியம்மாள். "ஆனா எங்க பம்புக்கு ரெண்டு கோடு வந்துச்சே. அது எப்புடி?"

கேட்டுவிட்டு, சித்தரின் மடியிலிருந்து சிதறியிருந்த புது அட்டை ஒன்றை எடுத்து நேராக வலது செம்புக்குள் விட்டாள். சித்தர் தடுக்கப் பார்த்தார். பாலகுமார் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தான்.

ஒரு கோடு. இரண்டாவது கோடு. நல்ல அழுத்தமாக.

சவரியம்மாள் அட்டையை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினாள். "இந்தச் செம்புக்கு இது எத்தன மாசம், சாமி?"

பதில் சுமோவிலிருந்து வந்தது. மாங்காயைக் கீழே வைத்துவிட்டு, அந்த அம்மாள் தலையை வெளியே நீட்டினாள்.

"ஏழு மாசம்க்கா. டெய்லி காலையில ஒரு பாட்டில்ல மூத்தரம் புடிச்சித் தரச் சொல்வாரு. புள்ள நல்லா வளருதான்னு டெஸ்ட்டுக்குன்னு சொன்னாரு. டெய்லி என்னா டெஸ்ட்டுன்னு எனக்கே ரோசனையாதான் இருந்துச்சு."

சித்தரின் பெயர் சுப்பிரமணியன் என்பதும், சிதம்பரத்தில் ஒரு மருந்துக்கடைக் கவுன்டரில் ஆறு வருடம் நின்றவர் என்பதும், காலாவதியான அட்டைகளை மூட்டையாக அள்ளி வந்தவர் என்பதும் அரை மணி நேரத்தில் போலீஸ் வந்து கேட்டபோது தெரிந்தது. அந்தக் கடையில் இருந்தபோதும் அவர் ஜனங்களுக்கு உபயோகமாக ஏதோ விற்றுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். சாமியார் ஆனதும்தான் கெட்டுப் போனார்.

வெண்மதி அப்போதும் ஒன்று சொன்னாள். "என் அட்டை சொன்னத மட்டும் வெச்சி முடிவு பண்ணாதீங்க. அன்னைக்கு ரெண்டு எடத்துலயும் எடுத்த பாட்டில் கடலூர்ல இருக்கு. லேப்ல இன்னொரு தரம் பாத்துட்டுச் சொல்றோம். தப்புன்னா தப்புன்னு நானே வந்து சொல்லுவேன்." தன்னையே சந்தேகப்படுகிற ஒரு ஆளை மேலக்கொல்லை அன்றைக்குத்தான் பார்த்தது. ஆனாலும் முடிவு மாறவில்லை. கிராம சபைக்கு முன்பே தாள் வந்தது. மணவாளனின் போரில் களைக்கொல்லி இருந்தது, காலனிப் பம்பில் இல்லை. தொட்டிக்குக் காலனிப் பம்பிலிருந்துதான் தண்ணீர் ஏறியது, மேலத் தெருக் குழாய்களிலும் அதுதான் வந்தது. கல்லில் யார் பெயரும் செதுக்கவில்லை. ஸ்ப்ரேயர் டேங்கை இப்போது போரடியில் யாரும் கழுவுவதில்லை.

அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்குத் திடலில், சுமோவிலிருந்து வந்த பதிலைக் கேட்டதும் ஊரே முதலில் சிரித்தது. மணவாளனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் பாதியில் நிறுத்தினார். ரத்தினம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலது செம்பு. காலையில். வெறும் வயிற்றில். இருபத்திரண்டு நாள்.

மணவாளன் ஓடினார். ஐம்பத்து நாலு வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நேரே கரும்புக்கொல்லைக்கு. மோட்டாரைப் போட்டார். கங்கை கொட்டியது. இரண்டு கையிலும் ஏந்தி வாயருகே கொண்டு போனவர் அப்படியே நின்றுவிட்டார். காலடியில் வெள்ளைக் கறை, பக்கத்தில் மருந்து டப்பாக் குவியல். கையிலிருந்த தண்ணீரைக் கீழே விட்டுவிட்டு மறுபடி ஓடினார். ஊரில் நிச்சயமாக நல்ல தண்ணீர் என்று அப்போது தெரிந்த இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

ஓட்டுக் கேட்பதற்குத் தவிர அவர் காலனித் தெருவுக்குள் போனதில்லை. அதுவும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, ஜீப்பில் நின்றபடி. இப்போது செருப்பு ஒரு காலில் இல்லாமல் பம்படியில் வந்து நின்றார். திடலிலிருந்து திரும்பியிருந்த சவரியம்மாள் குடம் வைத்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

"சவரி..." என்று ஆரம்பித்தவர் விழுங்கிக்கொண்டார். "சவரியம்மா. கொஞ்சம் தண்ணி வேணும்."

"குடிக்கவா, கொப்புளிக்கவா மெம்பர்?"

"மொதல்ல கொப்புளிக்க."

அவள் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு அடித்தாள். மணவாளன் குனிந்து ஏந்தி, கொப்புளித்து, துப்பி, மறுபடி ஏந்தினார். பத்து தடவை. இருபது தடவை. தெருப் பிள்ளைகள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். தண்ணீர் நல்ல ருசியாக இருந்தது. இத்தனை நாள் இவ்வளவு நல்ல தண்ணீரை வேண்டாம் என்றா இருந்தோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"ஏன் மெம்பர்," என்றாள் சவரியம்மாள், கை நிற்காமல். "இருவது நாளுக்கு மேலா உப்புக் கரிச்சுதாமே. ரத்தினம்மா சொன்னாங்க. ஒரு நாளாச்சும் இது என்னாவா இருக்கும்னு ரோசனை பண்ணீங்களா?"

வாய் நிறையத் தண்ணீர் இருந்ததால் மணவாளன் பதில் சொல்லவில்லை. துப்பிவிட்டு யோசிக்கலாம் என்றிருந்தார். போகட்டும், அவர் விழுங்கியாயிற்று. இன்னும் விழுங்காதவர்கள் கொஞ்சம் முன்னாலேயே யோசிக்கலாம்.